நூறு பவுண்டு வாக்கு

பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து 1695 ஜூலையில் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் பிறந்தது. அடுத்த ஆண்டே நோட்டு வெளியிட்டது. 5, 10, 20, 50, 100 பவுண்டு. வகை அவ்வளவுதான். 1 பவுண்டு நோட்டுக்கு மக்கள் 1704 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சிறிய நோட்டில் தொடங்கிப் பெரிய நோட்டுக்குப் போயிருப்பார்கள் என்றுதான் நினைக்கத் தோன்றும். அங்கே பெரியதில் தொடங்கிக் கீழே இறங்கியிருக்கிறார்கள். அந்நாளில் 12 ஸ்காட்ஸ் பவுண்டு சேர்ந்தால்தான் ஒரு ஸ்டெர்லிங் பவுண்டு. 100 பவுண்டு நோட்டு வைத்திருந்தவர் 1,200 ஸ்காட்ஸ் பவுண்டுக்கு உரிய வாக்கு ஒன்றை மடித்துப் பையில் வைத்திருந்தார். நிலக்கிழார்களையும் பெரிய வணிகர்களையும் விட்டால் வேறு யார் கைக்கும் அது எளிதில் வந்திருக்காது.

வாக்கு என்று நான் சொல்வது அலங்காரத்துக்காக இல்லை. நோட்டின் உள்ளடக்கமே அதுதான். கொண்டுவருபவர் கேட்டவுடன் இவ்வளவு தொகை தருகிறோம் என்று வங்கி எழுதிக் கையெழுத்திட்ட தாள் அது. நம் ரூபாய் நோட்டில் ரிசர்வ் வங்கி ஆளுநர் கையெழுத்துக்கு மேலே இருக்கும் உறுதிமொழியும் அந்த வழியில் வந்ததுதான்.

நான் பாளையங்கோட்டையில் பணிக்காலம் முழுக்க நோட்டுக் கட்டுகளோடு இருந்தவள். முதலில் காசாளர், பிறகு அதிகாரி. ஞாயிற்றுக்கிழமைகளில் சி.எஸ்.ஐ. சபையில் பெண்களுக்கு வேதபாடம் எடுப்பேன். டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் எங்கள் பக்கத்துச் சபைகளில் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்போம். சின்ன அட்டை, அதில் ஒரு வசனம். புது வருஷம் முழுக்க அதைப் பைபிளுக்குள் வைத்திருப்போம். கவுண்டரில் வாங்கிய தாளும் ஒரு வாக்கு, ஆலயத்தில் எடுத்த அட்டையும் ஒரு வாக்கு. கவுண்டரில் வந்த தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்போம். நூல் இருக்கிறதா, நீர்க்குறி இருக்கிறதா என்று தடவிப் பார்ப்போம். தொகை பெரிதாக இருந்தால் இரண்டு முறை பார்ப்போம். ஆலயத்து அட்டையை யாரும் தூக்கிப் பார்ப்பதில்லை. அதில் எழுதியிருக்கும் தொகைக்கு எல்லையே கிடையாது. ஆனாலும் அந்த வாக்கு எதன் மேல் நிற்கிறது என்று வேதபாடத்தில் ஒரு பெண் கேட்டால் சூழலே மாறிப்போகும், விசுவாசம் இல்லாதவள் என்பது போல.

மகள் வேலை பார்க்கும் எடின்பரோவுக்கு வந்து தங்கிய பிறகு இந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஊரின் அமைப்பு அப்படி. தி மவுண்ட் என்ற மேட்டில் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தின் பழைய தலைமையகம் நிற்கிறது, 1806இல் திறந்தது. அதே மேட்டில், கூப்பிடு தூரத்தில், ஸ்காட்லாந்து சபையின் பொதுப்பேரவை கூடும் மண்டபமும் நியூ காலேஜ் என்ற இறையியல் கல்லூரியும். கல்லூரி முற்றத்தில் சீர்திருத்தக்காரர் ஜான் நாக்ஸ் கையை உயர்த்தி நிற்கிறார். அங்கிருந்து மேலே ஏறினால் ராயல் மைல் தெருவில் டேவிட் ஹியூம் சிலையாக உட்கார்ந்திருக்கிறார். பணம், சபை, இரண்டையும் கேள்வி கேட்ட தத்துவவாதி. மூன்றையும் ஒரு நடையில் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

ஹியூமைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். 1739-40இல், முப்பது வயதுக்குள், அவர் எழுதி வெளியிட்ட பெரிய நூலில் வாக்குறுதியைப் பற்றி ஒரு பகுதி இருக்கிறது. வாக்குக் கொடுப்பதால் கடமை எப்படிப் பிறக்கிறது என்று அவர் கேட்கிறார். நேற்று வரை எனக்குக் கட்டாயமில்லாத ஒன்று, இன்று சில சொற்களைச் சொன்னதும் கட்டாயமாகிவிடுகிறது. உலகத்தில் எதுவும் மாறவில்லை, நாக்கு அசைந்தது, அவ்வளவுதான். இதை அவர் கத்தோலிக்க ஆராதனையில் அப்பம் மாறுவதோடும் குருப்பட்டத்தோடும் ஒப்பிடுகிறார். குறிப்பிட்ட சொற்களைக் குறிப்பிட்ட நோக்கத்தோடு சொன்னால் பொருளின் தன்மையே மாறிவிடுகிறது என்று நம்புவது போலத்தான் இதுவும் என்கிறார். பிறகு அவரே விடையும் தருகிறார். வாக்கைக் காப்பாற்றும் கடமை இயற்கையில் கிடையாது. சேர்ந்து வாழும் மனிதர்கள் தங்கள் நன்மைக்காக ஏற்படுத்திக்கொண்ட ஏற்பாடு அது.

இந்த வரிகளை அவர் எழுதிய காலத்தில் ஸ்காட்லாந்தில் வங்கி நோட்டு பழக்கத்துக்கு வந்து ஒரு தலைமுறைக்கு மேல் ஆகியிருந்தது. 1727இல் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து வந்தது. வந்ததுமே பழைய வங்கியின் நோட்டுகளைச் சேகரித்துக் கட்டுக் கட்டாகக் கொண்டுபோய், கேட்டவுடன் தருவேன் என்றாயே, கொடு என்று நின்றது. 1728இல் பழைய வங்கி கதவைச் சாத்த வேண்டியதாயிற்று, மாதக்கணக்கில். வாக்கை உடைக்க வேண்டுமென்றால் அதைப் பொய் என்று சொல்லக்கூட வேண்டாம். எல்லோரும் ஒரே நாளில் அதை நம்பிக்கொண்டு வந்து கேட்டால் போதும்.

அந்த அடியிலிருந்து பழைய வங்கி ஒரு பாடம் கற்றது. 1730இல் நோட்டில் புதிய வாசகம் சேர்த்தது: கேட்டவுடன் தருவோம், அல்லது இயக்குநர்கள் விரும்பினால், ஆறு மாதம் கழித்து ஒரு பவுண்டுக்கு ஆறு பென்ஸ் சேர்த்துத் தருவோம். ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்து வட்டி. நியாயமான வட்டிதான். ஆனால் வாக்கின் சாவி வாங்கியவர் கையிலிருந்து கொடுத்தவர் கைக்குப் போய்விட்டது. 1765இல் நாடாளுமன்றம் இந்த வாசகத்தைத் தடை செய்தது. 1 பவுண்டுக்குக் குறைந்த நோட்டுகளையும் சேர்த்தே தடை செய்தது. அதற்குள் ஷில்லிங் கணக்கில் அற்பத் தொகைகளுக்கெல்லாம் நோட்டு அடித்துத் தள்ளியிருந்தார்கள்.

எனக்கு இந்த இடத்தில் ஆபிரகாம் நினைவுக்கு வருகிறார். ஊரைவிட்டுப் புறப்படும்போது வயது 75. உன்னைப் பெரிய ஜாதியாக்குவேன் என்ற வாக்கு அப்போதே கிடைத்துவிட்டது. மகன் ஈசாக்கு பிறக்கும்போது வயது 100. நடுவில் 25 ஆண்டு. நிலத்தைப் பற்றிய வாக்கோ அவர் காலத்தில் நிறைவேறவேயில்லை. மனைவி சாராள் இறந்தபோது அடக்கம் பண்ண இடமில்லாமல், வாக்களிக்கப்பட்ட அந்த நாட்டிலேயே 400 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து ஒரு குகையும் நிலமும் விலைக்கு வாங்கினார். தனக்கென்று சொல்லப்பட்ட நாட்டில் அவர் சொந்தமாக்கிக்கொண்ட துண்டு நிலம் ரொக்கத்துக்கு வாங்கியதுதான். நம் பிரசங்கிமார் இந்தத் தாமதத்தை விளக்குவதில் தேர்ந்தவர்கள்: தேவனுடைய வேளை வேறு, வட்டியும் முதலுமாக வரும் என்பார்கள். அப்படிச் சொல்லும்போது அவர்கள் 1730ஆம் ஆண்டு நோட்டைத்தான் கடவுள் கையில் கொடுக்கிறார்கள். சங்கீதக்காரர் அப்படிச் சாந்தமாக இருக்கவில்லை. எதுவரைக்கும் என்று அவர் திரும்பத் திரும்ப முறையிடுகிறார். கேட்டவுடன் தர வேண்டியவரிடம் கேட்கிற உரிமையோடு கேட்கிறார். அந்தக் குரலை அவிசுவாசம் என்று எந்தச் சபையும் வேதத்திலிருந்து எடுத்துப்போடவில்லை.

ஹியூமுக்குப் பதில் சொன்னவர்களில் எனக்குப் பிடித்தவர் தாமஸ் ரீட். போதகராக இருந்து தத்துவப் பேராசிரியரானவர். 1764இல் கிளாஸ்கோவில் ஆடம் ஸ்மித் விட்டுச் சென்ற இடத்துக்கு வந்தார். மனிதன் தனியாக இருந்து பிறகு ஏற்பாடு செய்துகொண்டு வாக்குக் கொடுக்கக் கற்கவில்லை என்பது ரீட்டின் கட்சி. கேட்பதும் சொல்வதும் வாக்களிப்பதும் நம் மனத்தின் பிறவிக் குணம். ஒருவரோடு ஒருவராக மட்டுமே செய்யக்கூடிய செயல்கள் அவை. குழந்தை தன்னிடம் சொல்லப்பட்டதை முதலில் நம்புகிறது, சந்தேகம் பிறகு வருகிறது. படைத்தவர் நம்மை அப்படி அமைத்திருக்கிறார் என்றார் ரீட்.

பழைய நோட்டுகள் செல்லாது என்று அரசு அறிவித்த 2016 நவம்பரில், கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்ற ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், பழைய 500 ரூபாய் நோட்டைக் கண்ணாடிக்கு அருகே பிடித்துப் படித்துவிட்டு என்னிடம் கேட்டார்: “ஏம்மா, தாரேன்னு கையெழுத்துப் போட்டுல்லா இருக்கு. இது செல்லாதுன்னு ஆயிட்டா இந்தக் கையெழுத்துக்கு என்ன அர்த்தம்?” அவருக்குக் கோபமில்லை. இலக்கணப் பிழையைச் சுட்டுவது போலக் கேட்டார். வரிசை நீளமாக இருந்தது, நான் பதில் சொல்லவில்லை. எடின்பரோ வந்த பிறகு தெரிந்துகொண்டேன்: ஸ்காட்லாந்து வங்கிகளின் நோட்டுகள் சட்டப்படி செல்லும் பணமே இல்லை, ஸ்காட்லாந்துக்குள்ளும் இல்லை. வாங்கித்தான் ஆக வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. வாங்குகிறவர் வாங்கச் சம்மதிப்பதால் மட்டும் மூன்று நூற்றாண்டுக்கு மேலாக அவை ஓடிக்கொண்டிருக்கின்றன. 100 பவுண்டு நோட்டும் அப்படியே. பேங்க் ஆஃப் இங்கிலாந்து 1943இல் 10 பவுண்டும் அதற்கு மேற்பட்டதுமான நோட்டுகளை நிறுத்தியது. அதற்கு முன்பு அங்கே 1,000 பவுண்டு நோட்டுகூட இருந்தது. பிறகு சில திரும்பி வந்தன; இன்று அங்கே உச்சம் 50. ஸ்காட்லாந்தில் 100 இன்னும் இருக்கிறது. 2022இல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து பாலிமரில் புதிதாக ஒன்றை வெளியிட்டது. பின்பக்கத்தில் டாக்டர் ஃப்ளோரா மரே, முதல் உலகப் போரில் பெண்களே நடத்திய ராணுவ மருத்துவமனையை லண்டனில் நிறுவியவர்களில் ஒருவர். முன்பக்கத்தில் வழக்கம்போல் சர் வால்டர் ஸ்காட்.

ஸ்காட்டின் முகம் அங்கே வந்ததற்குக் காரணம் 1826. 5 பவுண்டுக்குக் கீழான நோட்டுகளை ஒழிக்க லண்டன் முனைந்தபோது, மலாக்கை மலக்ரவுதர் என்ற புனைபெயரில் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி ஸ்காட்லாந்தின் 1 பவுண்டு நோட்டைக் காப்பாற்றினார். பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது அதே ஆண்டில் நடந்த இன்னொன்று. அவர் பங்காளியாக இருந்த அச்சகமும் அவருடைய பதிப்பாளரும் திவாலானதில் ஏறத்தாழ 1,20,000 பவுண்டு கடன் அவர் தலையில் விழுந்தது. திவால் அறிவித்துத் தப்பிக்க வழி இருந்தது. அவர் அதை மறுத்து, எழுதிக் கடனை அடைக்கிறேன் என்று கடன்காரர்களுக்கு வாக்குக் கொடுத்தார். 1832இல் உடல் நொறுங்கி இறக்கும் வரை எழுதினார். மீதிக் கடன் அவர் நூல்களின் உரிமையை விற்று, அவர் போன பிறகு தீர்ந்தது. 100 பவுண்டு வாக்கின் மேல் இந்த முகம் இருப்பது சரி என்றே நினைக்கிறேன்.

ஆனால் நோட்டின் அடியில் என்ன இருக்கிறது? 1845ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு வங்கிக்கும் ஓர் அளவு வைத்தது. அதற்கு மேல் அடிக்கும் ஒவ்வொரு நோட்டுக்கும் ஈடாகப் பெட்டகத்தில் தங்கமோ வெள்ளியோ இருக்க வேண்டும். காலம் போகப்போகத் தங்கம் நகர்ந்து, அதன் இடத்தில் பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் நோட்டு வந்து உட்கார்ந்தது. இதற்கென்றே அங்கே இரண்டு வகை நோட்டுகள் இருக்கின்றன. ஜயண்ட் என்பது 10 லட்சம் பவுண்டு. டைட்டன் என்பது 10 கோடி பவுண்டு, ஏ4 தாள் அளவு. இவை கடைத்தெருவுக்கு வருவதில்லை. ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் ஜனங்கள் கையில் புரளும் நோட்டுகளுக்கு ஈடாகக் காப்பறையில் கிடக்கின்றன. பிரிட்டனில் அச்சாகும் மிகப் பெரிய வாக்கு இது. இதைக் கொடுத்துக் கேட்டாலும் தங்கம் கிடைக்காது. 1931க்குப் பிறகு பேங்க் ஆஃப் இங்கிலாந்து தன் நோட்டுக்குத் தங்கம் தருவதில்லை. ஒரு வாக்குக்கு அடியில் இன்னொரு வாக்கு, அதற்கு அடியில் அரசின் வாக்கு, அதற்கு அடியில் நாளைக்கும் இந்த ஜனங்கள் உழைப்பார்கள், வரி கட்டுவார்கள் என்ற எதிர்பார்ப்பு. ஹியூம் இதைப் படித்திருந்தால் தலையாட்டியிருப்பார்.

நான் அவரோடு சேர்ந்து தலையாட்டாததற்குக் காரணம் 1878.

அந்த அக்டோபர் 2ஆம் தேதி சிட்டி ஆஃப் கிளாஸ்கோ பேங்க் கதவைத் திறக்கவில்லை. சில பெரிய நிறுவனங்களுக்கு அளவில்லாமல் கடன் கொடுத்து, வராத கடனை வரும் என்று கணக்கில் காட்டி, கையிருப்புத் தங்கத்தைப் பற்றியும் பொய் எழுதி, ஆண்டுதோறும் லாபப் பங்கும் கொடுத்து வந்திருந்தார்கள். மேலாளரும் ஆறு இயக்குநர்களும் எடின்பரோவில் விசாரிக்கப்பட்டார்கள். மேலாளர் ராபர்ட் ஸ்ட்ரோனக், இயக்குநர் லூயிஸ் பாட்டர் இருவருக்கும் 18 மாதம், மற்றவர்களுக்கு 8 மாதம் சிறை. அந்த வங்கியின் நோட்டை வைத்திருந்தவர் யாரும் நஷ்டப்படவில்லை. மற்ற ஸ்காட்லாந்து வங்கிகள் அதை வாங்கிக்கொண்டன. டெபாசிட் போட்டவர்களுக்கும் பணம் வந்தது. அத்தனையையும் கொடுத்தவர்கள் பங்குதாரர்கள். அவர்களுடைய பொறுப்புக்கு வரம்பு கிடையாது. வீடு, நிலம், கட்டில் வரை வங்கிக் கடனுக்குப் பொறுப்பு. 100 பவுண்டு பங்குக்கு முதலில் 500 பவுண்டு கட்டச் சொன்னார்கள். போதவில்லை. அடுத்த முறை அதே 100 பவுண்டுக்கு 2,250 பவுண்டு. 1,819 பங்குதாரர்களில் கடைசியில் கடனாளியாகாமல் நின்றவர்கள் 254 பேர்தான். விதவைகள் இருந்தார்கள், மணமாகாத பெண்கள் இருந்தார்கள்.

டைட்டனைத் தேடிப் போனால் காகிதத்துக்கு அடியில் காகிதம்தான். 1878இல் காகிதத்துக்கு அடியில் மனிதர்கள் இருந்தார்கள். கொடுத்த வாக்கு நின்றது அவர்கள் இழந்ததன் மேல். வாக்கு எதன் மேல் நிற்கிறது என்ற கேள்விக்கு நான் கண்டெடுத்த விடை இது ஒன்றுதான்: அது பொய்க்காமலிருக்கத் தன்னிடம் உள்ளதை இழக்கிற ஒருவர் மேல். ஸ்காட் ஒருவராக நின்று செய்தது அது. ஏற்பாடு என்று ஹியூம் சொன்னது உண்மைதான், ஆனால் ஏற்பாடு எதையும் இழப்பதில்லை. இழக்க ஓர் ஆள் வேண்டும். வாக்களிப்பது ஆளோடு ஆள் செய்யும் செயல் என்று ரீட் சொன்னதில் இதற்கு இடமிருக்கிறது.

அதன் பிறகு பங்குதாரர்களின் பொறுப்புக்கு வரம்பு வந்தது. 1879இல் சட்டம், 1882இல் மீதி வங்கிகள் அனைத்தும் அதற்குள் நுழைந்தன. அப்போதும் சட்டம் ஒன்றை விட்டுக்கொடுக்கவில்லை. நோட்டு வெளியிடும் வங்கி என்றால், அந்த நோட்டைப் பொறுத்தவரை உறுப்பினர் பொறுப்புக்கு வரம்பு கிடையாது என்று எழுதியது. இதைப் படித்தபோது எனக்கு மனம் நிறைந்தது. மற்றக் கடன்கள் வேறு, யாரென்றே தெரியாத ஒருவர் கையில் கொடுத்த வாக்கு வேறு என்று ஒரு நாடு நினைத்திருக்கிறது.

2008இல் அதே பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தை உள்ளடக்கிய குழுமமும் ராயல் பேங்கும் விழும் நிலைக்கு வந்தன. அக்டோபர் 13 அன்று அரசு காப்பாற்ற வந்தது. ராயல் பேங்கில் மட்டும் கடைசியில் 4,550 கோடி பவுண்டு பொதுப்பணம் போனது. நோட்டு ஒன்றுகூடப் பொய்க்கவில்லை, அதற்காக நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் வாக்குக் கொடுத்தவர்கள் வீட்டை இழக்கவில்லை. கொடுக்காதவர்கள் கட்டினார்கள்.

ஒருவர் பட்ட கடனை இன்னொருவர் தீர்ப்பது: திருநெல்வேலிப் பக்கத்தில் பிறந்த கிறிஸ்தவளுக்கு இது புதிய செய்தியில்லை. பெரிய வெள்ளியன்று மூன்று மணி நேரம் நாங்கள் கேட்பதே இதைத்தான். ஆனால் 2008ஐப் பார்த்துவிட்டு அந்தப் பிரசங்கத்தை அப்படியே கேட்க முடியவில்லை. வேறொருவர் கட்டினால் கணக்கு நேராகும், நியாயம் நேராகுமா?

இந்தக் கேள்வியை 19ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்திலேயே ஒருவர் கேட்டிருக்கிறார். ஜான் மக்லியட் கேம்பெல், ரோ என்ற ஊரின் போதகர். கிறிஸ்து சிலருக்காக மட்டுமின்றி எல்லோருக்காகவும் மரித்தார் என்று போதித்ததற்காக 1831இல் பொதுப்பேரவை அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. 1856இல் சிலுவைப் பலியின் தன்மை பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தது. மீட்பைத் தண்டனைக் கணக்காக, கடன் தீர்ப்பாகப் பார்ப்பதை அவர் ஏற்கவில்லை. மனிதர் செய்ய வேண்டிய மனஸ்தாபத்தைக் கிறிஸ்து மனிதருக்குள் ஒருவராக நின்று, மகனாகத் தகப்பன் முன் செய்தார் என்றார். வெளியிலிருந்து வந்து பணம் கட்டிப் போனவரில்லை, குடும்பத்துக்குள் நின்று துக்கப்பட்டவர். கட்டினவர் உள்ளே இருந்தவரா வெளியே இருந்தவரா என்று பார்க்க இவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

அவரோடு நான் ஒத்துப்போகாத இடமும் உண்டு. துக்கப்பட்டால் போதும் என்று ஒரு காசாளரால் எளிதில் சொல்ல முடியாது. கட்டவும் வேண்டும். சிலுவையில் இழப்பு இருந்தது, ரத்தம் இருந்தது. அதைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் வாக்கு மறுபடியும் காகிதமாகிவிடும்.

1879இல் லண்டன் பிரபுக்கள் சபைக்கு ஒரு வழக்கு வந்தது. சிட்டி ஆஃப் கிளாஸ்கோ பங்குகளைப் பிறருக்காகத் தங்கள் பெயரில் வைத்திருந்த டிரஸ்டிகளின் வழக்கு. எங்களுக்கு அதில் சல்லிக்காசு லாபமில்லை, சொத்தைப் பார்த்துக்கொள்ளத்தான் பெயர் கொடுத்தோம் என்று அவர்கள் வாதாடினார்கள். பெயர் கொடுத்தீர்கள் அல்லவா, சொந்தச் சொத்திலிருந்து கட்டுங்கள் என்று தீர்ப்பு வந்தது. வங்கிக்காரியாக இந்தத் தீர்ப்பின் தர்க்கம் எனக்குப் புரிகிறது. பிறருக்காகப் பெயர் கொடுத்தவர், பிறர் கடனை ஏற்று எல்லாவற்றையும் இழந்தவர் என்று சொன்னால் பெரிய வெள்ளிப் பிரசங்கத்துக்கு இதைவிட நல்ல உவமை கிடைக்காது என்று தோன்றும். வேதபாடத்தில் அவர்களை நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நாங்கள் சொல்லும் இயேசு தம் ஜீவனைத் தாமாகவே கொடுத்தார். அந்த டிரஸ்டிகளிடம் கொடுக்கிறீர்களா என்று யாரும் கேட்கவில்லை.